பை மறைந்ததா, கரைந்ததா?

வெந்நீரில் போட்டதும் காணாமல் போகும் கேரி பேக் வீடியோ ஒன்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. “முழுசாகக் கரைந்துவிட்டது, அதனால் இது பிளாஸ்டிக் இல்லை, மரச்சீனி மாவு” என்கிறார்கள். முழுசாகக் கரைந்தது, பிளாஸ்டிக் இல்லை என்ற இரண்டுமே அவசர முடிவு.

நீரில் கரையும் பைகள் பலவும் பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பாலிமரில் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) செய்பவை. ஆகவே கரைவதை வைத்து மரச்சீனி என்று சொல்ல முடியாது.

சரி, முழுசாகத்தான் கரைந்ததா? இந்தப் பாலிமரில் சில ரகங்களுக்கு 90 டிகிரி சூடும் நெடுநேரக் கலக்கலும் வேண்டும். அரைகுறையாக ஊறிய துண்டுகள் வெந்த சவ்வரிசிபோல் உப்பி, நீரின் நிறத்திலேயே நிற்கும். டம்ளரில் பார்த்தால் தெரியாது. பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, துணியை விரலால் தடவுங்கள். வழவழவென்று கட்டி தட்டுப்பட்டால் கரையவில்லை. எதுவும் நிற்காவிட்டாலும் மிக நுண்ணிய துகள்கள் துணியைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் இன்னும் நுண்ணிய வடிகட்டி வைப்பது அதனால்தான்.

அப்புறம், வடிந்த நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் மெல்லிய படலம் ஒட்டிக்கிடக்கும். கரைந்த பாலிமர் அதுதான், எங்கும் போகவில்லை. குலசேகரத்தில் ரப்பர் பால் உறைய வைப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது (அந்தப் பால் கரைசலே அல்ல, நீரில் மிதக்கும் துகள்கள்): ஆசிட் விட்டதும், பாலில் தெரியாமல் இருந்த ரப்பர் திரண்டு வந்துவிடும்.