81 வருஷமும் ‘அரை’ சாம்பியனும்

கோஸ்டாரிகா லீக் என்று பேச்செடுத்தாலே நம்ம கால்பந்து வட்டாரத்தில் ஒரு நக்கல் சிரிப்பு வரும். “வருஷத்துக்கு ரெண்டு சாம்பியன் வர்ற ஊர்தானே? ஆளுக்கு அரைக் கோப்பை!” என்பார்கள். பல வருஷம் நானும் கூடவே சிரித்தவன்தான். 2021–22 சீசனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அங்கே ஒரே சீசனில் இரண்டு தனித்தனிப் போட்டித்தொடர்கள். வருஷத்தின் பின்பாதியில் தொடங்குவது அபெர்த்துரா, புது வருஷத்தில் தொடங்குவது கிளௌசுரா. அந்த சீசனில் 12 அணிகள் ஒருவரோடு ஒருவர் இருமுறை ஆடி, முதல் 4 இடக்காரர்கள் பிளே-ஆஃபுக்கு, அதாவது நாக்-அவுட் சுற்றுக்குப் போனார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம், அணியின் கணக்கில் முழுப் பட்டமாகவே ஏறும். அந்த சீசனின் அபெர்த்துராவை எரெதியானோ என்ற அணி எடுத்தது. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வந்தது கிளௌசுராவை எடுத்த அணியைப் பற்றி.

கார்த்தஹினேஸ். 1906-ல் தொடங்கிய கிளப், அந்த நாட்டின் மிக மூத்த கிளப்புகளில் ஒன்று. இராசூ எரிமலைக்குக் கீழே, பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் பழைய தலைநகரம் கார்த்தகோ; அதனாலேயே அணிக்குப் பட்டப்பெயர் ‘புருமோசோஸ்’, பனிமூட்டக்காரர்கள். 1923, 1936, 1940 என்று மூன்று முறை சாம்பியன். அப்புறம்? ஒன்றுமில்லை. 1940-ல் கோஸ்டாரிகாவுக்கு ராணுவம் இருந்தது, பெண்களுக்கு ஓட்டு இல்லை. 1948-ல் ராணுவத்தைக் கலைத்தார்கள், மறுவருஷம் பெண்களுக்கு ஓட்டு வந்தது. கார்த்தகோவுக்குக் கோப்பை மட்டும் வரவில்லை. இவர்கள் சாம்பியனாக இருந்தபோது இன்றைய பெரிய கிளப்பான சப்ரிஸ்ஸா முதல் டிவிஷனுக்கே வந்திருக்கவில்லை; 1949-ல்தான் வந்தது. வந்து, 2021-க்குள் 36 பட்டங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இதில் பெரிய வேடிக்கை, 1994-ம் வருஷத்து கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பை. மெக்சிகோவின் அட்லாண்டேயை இறுதி ஆட்டத்தில் 3–2 என்று தோற்கடித்து வாங்கியது இதே கார்த்தஹினேஸ். வட, மத்திய அமெரிக்கா முழுவதற்கும் சாம்பியன், சொந்த நாட்டில் இல்லை. வீட்டில் சோறு கிடைக்காதவனை ஊர்ப்பந்தியில் தலைவாழை இலை போட்டு உட்கார வைத்த கதை.

இத்தனை வருஷம் ஜெயிக்காவிட்டால் சாபக்கதை கிளம்பாமல் இருக்குமா? 1940 வெற்றிக் களிப்பில் ஆட்டக்காரர்கள் குதிரையோடு தேவமாதா பசிலிக்காவுக்குள் நுழைந்தார்களாம், பாதிரியார் சபித்துவிட்டாராம். மைதானத்துக்கு அடியில் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தக் கதைகள் மீது ஒரு எரிச்சல் உண்டு. தலைநகர் சான் ஹோசேயைச் சுற்றிப் பணம், டிவி, ஸ்பான்சர், ரசிகர் கூட்டம் எல்லாம் இரண்டு மூன்று கிளப்புகளிடம் குவிந்து கிடக்கிறது. கார்த்தகோவில் ஒருவன் நன்றாகக் கோல் அடிக்கத் தொடங்கினால் பெரிய கிளப் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். கியூபாக்காரர் மார்செல் எர்னாந்தெஸ் அப்படித்தான் அலஹுவெலென்சேவுக்குப் போனார். பொம்மைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பொம்மையைக் காட்டிவிட்டால் நிர்வாகத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் சம்பந்தம்.

இப்போது அந்த ‘அரைக் கோப்பை’ விஷயத்துக்கு வருகிறேன். குறுகிய தொடர் என்றால் யார் வேண்டுமானாலும் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிடலாம் என்பதுதானே குற்றச்சாட்டு? அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2009-ல் மட்டும் லிபேரியா மியாவும் புருஹாஸும் ஆளுக்கொரு பட்டம் அடித்தன. 2017 அபெர்த்துராவில் பெரெஸ் செலெடோன், 2019 கிளௌசுராவில் சான் கார்லோஸ். நேற்று வந்தவர்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். 2007-லிருந்து வருஷத்துக்கு இரண்டு வாய்ப்பு, ஏறத்தாழ 30 பட்டங்கள். கார்த்தஹினேஸுக்கு ஒன்றுகூட விழவில்லை. 2013-ல் இறுதிவரை போய், எரெதியானோவிடம் பெனால்ட்டியில் கோட்டைவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2022-ல் வந்ததை ‘சுலபமான கோப்பை’ என்று சொல்ல நாக்கு எப்படி வரும்?

இன்னொன்றும் உண்டு. லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவனை பிளே-ஆஃபில் வேறு ஒருவன் முந்திவிட்டால், அங்கே அதோடு கணக்கு முடியாது. இருவரும் மறுபடி ‘கிரான் ஃபைனல்’ ஆடவேண்டும், அதுவும் இரண்டு ஆட்டங்கள். தொடர் முழுக்க உழைத்தவனுக்கு இன்னொரு உயிர். இதை டிக்கெட் விற்கும் தந்திரம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. தந்திரம்தான், ஆனால் நியாயமான தந்திரம் என்பது என் கட்சி. முதலிடத்தில் இருந்தவனுக்கு எந்தச் சலுகையும் தராமல் நாக்-அவுட்டில் தள்ளிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தமுறை முதலிடம் அலஹுவெலென்சே. ஆக, கார்த்தஹினேஸ் பிளே-ஆஃபையும் தாண்டி, அதற்கப்புறம் லீக் தலைவனையும் தாண்டவேண்டியிருந்தது. குறுக்குவழி எங்கே இருக்கிறது இதில்?

நடுவில் தேசிய அணி ஜூன் 14-ம் தேதி கத்தாரில் நியூசிலாந்தை 1–0 என்று வென்று உலகக்கோப்பைக்குப் போனது. நாடே அந்தக் கொண்டாட்டத்தில் இருந்தது. கிரான் ஃபைனல் ஜூலைக்குப் போய்விட்டது. முதல் ஆட்டம் கார்த்தகோவின் ஃபெயோ மேசா மைதானத்தில், கார்த்தஹினேஸுக்கு 1–0. மறு ஆட்டம் ஜூலை 6, அலஹுவெலாவில். அங்கே இரவு, நமக்கு மறுநாள் காலை. மணிக்கொருதரம் போனை எடுத்துப் பார்க்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு பல் தேய்க்கும்போதும் கையில் போன். 1–1. மொத்தத்தில் 2–1. பயிற்சியாளர் ஹெய்னர் செகூரா. முன்வரிசையில் அதே மார்செல் எர்னாந்தெஸ், போன கிளப்பிலிருந்து திரும்பி வந்து, அந்த கிளப்பையே அதன் வீட்டில் வைத்து முடித்துக்கொடுத்தார்.

முதலில் எனக்குத் தோன்றியது கோப்பை பற்றி அல்ல. 1940-ல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு 2022-ல் 92. அப்படி எத்தனை பேர் மிச்சமிருந்திருப்பார்கள்? அவர்களுடைய பிள்ளைகள் பிறந்து, ரசிகராகி, கிழவராகி, ஒரு லீக் கோப்பையும் பார்க்காமலே போயிருப்பார்கள். அந்தக் கூட்டத்திடம் போய் “இது அரைப் பட்டம்” என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

அடுத்த சீசனிலிருந்து சப்ரிஸ்ஸா தொடர்ந்து நான்கு பட்டங்களை அடித்தது, 40-ஐத் தொட்டது. பழைய கதை, பழையபடி. ஆனால் அந்த 2022 ஆகஸ்ட் 2-ஐ மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை ஒட்டி நாடு முழுவதிலிருந்தும் மக்கள் பாதயாத்திரையாகக் கார்த்தகோ பசிலிக்காவுக்கு வருவார்கள். கொரோனாவால் இரண்டு வருஷம் நின்றுபோன யாத்திரை அந்த வருஷம்தான் திரும்பத் தொடங்கியது, கோப்பை வந்து நான்கு வாரம்கூட ஆகாதபோது. குதிரையோடு நுழைந்ததாகச் சொல்கிறார்களே, அதே கோயில். நீல வெள்ளை ஜெர்ஸியோடு எத்தனை பேர் அந்த வாசலில் முழங்காலிட்டு உள்ளே போயிருப்பார்களோ.