தாய்லாந்து விமானங்கள் இடத்தை அடைக்க வந்தவை அல்ல

சனிக்கிழமை ராத்திரி நேரலையில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். ஆனால் இன்று காலையில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அடுக்கி, என் பெயரையும் கோத்துப் போட்டிருக்கிறார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் அந்தச் சிரிப்பில் பங்குதாரன் ஆகிவிடுவேன்.

"மசாஜ் கடை ஏர்ஃபோர்ஸ்." வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டில் ஜப்பான் டெக் ட்ரீக்குள் (ஒரு நாட்டின் விமானங்களையும் டாங்கிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகும் வரிசை) தாய்லாந்து விமானங்கள் வந்திருப்பதைப் பற்றி நம் அண்ணன் ஒருவர் உதிர்த்த முத்து இது. அவர் சொன்னபோது சேர்ந்து விளையாடும் எங்கள் ஸ்குவாடில் தாய்லாந்துத் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாதுதான். மசாஜ், தாய்லாந்து, ஏர்ஃபோர்ஸ் இந்த மூன்றும் புரியாமல் போகுமா? "ஓகே, பை" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டுப் போனான். அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தாய்லாந்து விமானங்கள் காலி இடத்தை அடைக்க வந்தவை அல்ல. அவற்றுக்குச் சொந்தமாக வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றோடுதான் அவற்றைப் பார்க்க வேண்டும்.

"ஜப்பான் ட்ரீயில் ஓட்டை விழுந்திருந்தது, அடைக்க ஒரு நாடு தேவைப்பட்டது, அவ்வளவுதானே" என்று கேட்டவர்களுக்கு: சரி, விளையாட்டைச் செய்தவர்கள் அப்படிக் கணக்குப் போட்டிருக்கலாம். போருக்குப் பிறகு ஜப்பான் உருவாக்கிய விமான வகைகள் குறைவு, அது உண்மை. ஆனால் ஸ்வீடன் ட்ரீக்குள் பின்லாந்து இருக்கிறது. இத்தாலிக்குள் ஹங்கேரி, பிரிட்டனுக்குள் தென்னாப்பிரிக்கா. பின்லாந்து விமானத்தை எடுத்துக்கொண்டு வருபவனை இந்தக் கூட்டத்தில் யாராவது கிண்டல் செய்து நான் பார்த்ததில்லை. 1939 குளிர்காலப் போரைப் பற்றி அவனுக்கே வகுப்பு எடுப்பீர்கள். தாய்லாந்து என்றதும் மட்டும் பட்டாயா கடற்கரை ஞாபகத்துக்கு வருகிறது. இது வரலாறு தெரியாமையா, இல்லை, ஆசியாக்காரன் என்ற இளக்காரமா? நாமே ஆசியாக்காரர்கள்தானே ஐயா.

"சண்டையே போடாத நாடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு இருபத்தேழு லைக்.

1913இல் பிரான்ஸில் பறக்கப் பழகிய மூன்று அதிகாரிகள் சயாமுக்கு, அதாவது அன்றைய தாய்லாந்துக்கு, திரும்பினார்கள். 1914இல் பாங்காக்கின் டோன் முவாங் ஓடுதளம் திறந்தது. 1927இல் பரிபத்ரா என்ற குண்டுவீச்சு விமானத்தைத் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டிவிட்டார்கள். நம்மில் பலர் டோன் முவாங்கில் ஏர் ஏசியாவைப் பிடிக்க வரிசையில் நின்றிருக்கிறோம். அந்த இடத்துக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட விமானப்படைச் சரித்திரம் இருக்கிறது.

1940 கடைசியில் பிரெஞ்சு இந்தோசீனாவோடு (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) சண்டை. கர்ட்டிஸ் ஹாக், மார்ட்டின் குண்டுவீச்சு விமானம், வாட் கோர்சேர் எல்லாம் தாய்லாந்து நிறத்தில் பறந்தன. எதிரில் பிரான்ஸின் மொரான் 406 போர் விமானம். இந்த விளையாட்டில் தினமும் நாம் சுட்டுத்தள்ளும் அதே மொரான்தான். 1941 ஜனவரி 17 கோ சாங் தீவுக் கடற்போரில் தோன்புரி என்ற தாய்லாந்துப் போர்க்கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டு நொறுக்கினார்கள். அந்தக் குழப்பத்தில் தாய்லாந்தின் சொந்த விமானமே தோன்புரியின்மேல் குண்டு போட்டது. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. வெற்றிக்கதை மட்டும் வரலாறு என்று நான் வாதாடவில்லை.

1951 ஜூனில் கடற்படையின் ஒரு பகுதி பிரதமர் பிபூனைப் பிடித்து ஸ்ரீ அயுத்தயா என்ற கப்பலில் அடைத்து வைத்தது. பிரதமர் உள்ளே இருக்கும்போதே விமானப்படை அந்தக் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்தது. பிபூன் நீந்திக் கரையேறினார். இதெல்லாம் சண்டையே போடாத நாட்டில் நடந்தது.

அடுத்து, "எல்லாமே காப்பி பேஸ்ட், அமெரிக்கா ட்ரீயில் இருக்கிற எஃப்-16தானே" என்பவர்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எஃப்-16 எங்கே போனாலும் எஃப்-16தான். ஆனால் ஒவ்வொரு நாடும் வாங்கிய விமானத்தை வைத்து என்ன செய்தது என்பதில்தான் சுவையே இருக்கிறது. செக் நாட்டு எல்-39 பயிற்சி விமானத்தை வாங்கி அதற்குள் இஸ்ரேலிய மின்னணுக் கருவிகளைப் பொருத்தி ஓட்டியது தாய்லாந்து. அமெரிக்காவின் பழைய எஃப்-5 போர் விமானத்தைப் பல நாடுகள் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, இவர்கள் அதையே புதுப்பித்து எஃப்-5டிஎச் ஆக்கினார்கள். சிங்கப்பூர் கொடுத்த ஏழு எஃப்-16 இருக்கிறதே, அது உடோன் தானி தளத்தில் சிங்கப்பூர் விமானிகள் பயிற்சி எடுக்க இடம் கொடுத்ததற்கு ஈடாக வந்தது. பெரிய பணமில்லாத நாடு இப்படி யோசித்து யோசித்துத்தான் வானத்தைக் காக்கிறது. அதில் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது?

சக்ரி நருபெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் கட்டி 1997இல் சேவைக்கு வந்த விமானந்தாங்கிக் கப்பல். தென்கிழக்கு ஆசியாவில் அதற்கு முன் யாரிடமும் அப்படியொன்று இல்லை. அதிலிருந்து எழும்ப ஸ்பெயின் பயன்படுத்திய மாட்டடோர் விமானங்களையே வாங்கினார்கள். பிரிட்டனில் பிறந்த ஹாரியர் குடும்பம், ஸ்பெயினில் உழைத்து, கடைசிக் காலத்தில் தாய்லாந்து வளைகுடாவில் பறந்தது. அதே வருடம்தான் பாட் நாணயம் சரிந்து ஆசியப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. எரிபொருளுக்கே பணமில்லாமல் அந்தக் கப்பல் பெரும்பாலும் துறைமுகத்தில் கிடந்தது. 2006இல் மாட்டடோர்களும் ஓய்வு பெற்றன. "ஓடாத கப்பல்" என்று இதையும் கிண்டல் செய்கிறார்கள். 97இல் எங்கள் மலேசியாவில் வேலை போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பணம் இல்லாமல் ஒரு கனவு நின்றுபோவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராது.

நான் கெடாக்காரன், மலேசியாவில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலம். சுங்கை பட்டாணியில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குத் தாய்லாந்து என்பது சுற்றுலா நாடு இல்லை, பக்கத்து ஊர். பள்ளி விடுமுறை விட்டால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி தாண்டி ஹாட்யாய். 2017 ஜனவரி 14, எங்கள் வீட்டில் பொங்கல். அங்கே அன்று குழந்தைகள் தினம். ஹாட்யாய் விமான நிலையத்தில் பிள்ளைகள் பார்க்க, ஸ்வீடனிடம் வாங்கிய கிரிப்பன் போர் விமானம் சாகசம் காட்டிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து வெடித்தது. விமானி இறந்துபோனார். அன்று அங்கே இருந்த என் சித்தப்பா மகன் கூப்பிட்டான். போனில் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. தாய்லாந்திடம் இருந்த பன்னிரண்டு கிரிப்பன்களில் ஒன்று அன்றோடு போயிற்று. ஸ்வீடன் கிரிப்பனும் தாய்லாந்து கிரிப்பனும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு அந்த மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. இதை வைத்து வாதத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். தாய்லாந்து விமானங்கள் வந்ததில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அவற்றை ஜப்பானுக்குக் கீழே வைத்ததில் இல்லை.

1941 டிசம்பர் 8. பேர்ல் துறைமுகத்தையும் மலாயாவின் கோத்தா பாருவையும் ஜப்பான் தாக்கியது உங்களுக்குத் தெரியும். அதே விடியலில் தாய்லாந்துக் கடற்கரையிலும் ஜப்பானியர்கள் இறங்கினார்கள். சொங்க்லா, பட்டானி, சும்போன், பிரச்சுவாப் கிரி கான். பிரச்சுவாப்பில் ஆவ் மனாவ் விரிகுடாவை ஒட்டி ஒரு சின்ன விமானப்படைத் தளம். அங்கிருந்தவர்கள் மறுநாள் நண்பகல்வரை, ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரம், விடாமல் சண்டை போட்டார்கள். பாங்காக்கில் அரசு எப்போதோ கையைத் தூக்கியிருந்தது. தந்திக் கம்பிகளை ஜப்பானியர்கள் பிடித்துவிட்டதால் அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. டிசம்பர் 8 அன்றே வத்தானா நக்கோன் விமானத் தளத்திலிருந்து மூன்று ஹாக் விமானங்கள் ஜப்பானியர்களை எதிர்க்க மேலெழும்பின. மூன்றும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த விமானிகளின் வாரிசுகளை இன்று ஜப்பான் கொடிக்குக் கீழே வரிசைப்படுத்தி, அதைத் திறக்க ஜப்பான் விமானங்களில் விளையாடிப் புள்ளி சேர்க்கச் சொன்னால் அந்தத் தாய்லாந்துத் தம்பிக்கு எப்படி இருக்கும்?

"கூட்டாளி நாடுதானே, டிசம்பர் 21க்குள் ஒப்பந்தமே போட்டார்களே, ஜனவரியில் பிரிட்டன்மேலும் அமெரிக்காமேலும் போர் அறிவித்தார்களே" என்று உடனே கையைத் தூக்குவீர்கள். ஆமாம். தோன்புரி கப்பலே கோபேயில் கட்டியது. கீ-27, கீ-43 போர் விமானங்கள் எல்லாம் ஜப்பான் கொடுத்தது. 1944 நவம்பரில் லாம்பாங் வானத்தில் அந்தப் பழைய கீ-27களை வைத்துக்கொண்டு அமெரிக்க முஸ்டாங் போர் விமானங்களோடு மோதியதும் தாய்லாந்து விமானிகள்தான். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கி முனையில் போட்ட கையெழுத்தை வைத்துக் கூட்டாளி என்று சொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி. அப்போதும் பிரதமராக இருந்த பிபூனுக்கு ஆசையும் இருந்தது என்பீர்கள். இருந்திருக்கும். பிரச்சுவாப்பில் மணலில் செத்துக் கிடந்தவனுக்கு இல்லை.

இன்னொருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். "உன் கெடாவையே 1943இல் ஜப்பான் தூக்கிச் சயாமிடம் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்களுக்கு நீ வக்காலத்தா?" எனக்குத் தெரியாத சங்கதியா இது? எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரை வேலைக்கு என்று சொல்லி ஜப்பானியர்கள் ரயிலேற்றிக் கொண்டுபோனது, போருக்காக அவர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, பெரும்பாலானவற்றில் பெயர். நம் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறைகள் இல்லை.

தாத்தா உயிரோடு திரும்பினார். அதிகம் பேச மாட்டார். எப்போதாவது பேசினால் ஒரு சயாம்காரி பற்றிச் சொல்வார். முகாமுக்கு வெளியே கூடையோடு வருவாளாம். காவல்காரன் திரும்பிய நேரம் பார்த்து வாழைப்பழத்தை வேலிக்கு இந்தப் பக்கம் எறிவாளாம். ஒருநாள் பிடிபட்டு அடி வாங்கினாளாம். மறுவாரமும் வந்தாளாம். "அவ மட்டும் இல்லேன்னா நீங்க யாரும் இல்லடா" என்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஜப்பான்காரன் ஒருபக்கம், சயாம்காரி மறுபக்கம். அவர் பிரித்து வைத்ததை ஒரு விளையாட்டின் மெனு சேர்த்து வைத்திருக்கிறது. எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்த வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. சிரிக்காமல் இருக்கலாம் இல்லையா?

இந்தியாவின் பீஷ்மா டாங்கியைப் பிரிட்டன் ட்ரீயில் வைத்தபோது இதே ஆட்கள்தான் கொதித்தார்கள். "இருநூறு வருஷம் ஆண்டவன் கொடிக்குக் கீழேயா எங்கள் டாங்கி" என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து எழுதினேன். அந்தக் கோபம் தாய்லாந்துக்காரனுக்கு வரக் கூடாதா?

"கம்போடியாவோடு சண்டை நடந்ததே, 2025 ஜூலையில் எஃப்-16 நிஜமாகவே குண்டு போட்டதே, இப்போது போய் இதைக் கொண்டாடலாமா" என்று கேட்டவருக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. கேள்வி சரியானது. அந்த வாரங்களில் என்னால் அந்த விமானத்தை எடுக்க முடியவில்லை. எல்லையில் இரண்டு பக்கமும் செத்தது ஏழைகள். ஆனால் அந்தக் கேள்வியை அமெரிக்க விமானத்தில் ஏறும்போதும் ரஷ்ய விமானத்தில் ஏறும்போதும் கேளுங்கள்.

"வெறும் விளையாட்டு, இதற்கு இவ்வளவா" என்று கடைசியாக வருபவர்களுக்கு: ஒரு விமானத்தின் கதவில் ரிவெட் ஆணி எத்தனை என்று ராத்திரி இரண்டு மணிவரை சண்டை போடுகிறவர்கள் நீங்கள். ரிவெட்டுக்குத் துல்லியம் வேண்டும், அதில் ஏறிச் செத்தவனுக்கு வேண்டாமா?

தாய்லாந்துக்குத் தனி ட்ரீ வருமா என்று தெரியாது, பெரும்பாலும் வராது. குறைந்தபட்சம் அந்த விமானங்களின் வரலாற்றுக் குறிப்பில் பிரச்சுவாப்பும் வத்தானா நக்கோனும் இடம்பெற வேண்டும். அதைக் கேட்டுக் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். தாய் மொழி படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். ஆங்கிலத்தில் கிடைப்பது போதவில்லை.

அடுத்த மாதம் பாங்காக் போகிறேன். டோன் முவாங்கில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்து ஹாக் 3 ஒன்று அங்கே நிற்கிறது. சனிக்கிழமை பேசிய அண்ணன் வருவதாக இருந்தால் அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உள்பெட்டியில் தேதி சொல்லுங்கள்.