பழைய சிங்கரில் சிவப்புப் பாதரசம் இல்லை

"பழைய சிங்கர் தையல் இயந்திரத்தின் ஊசியில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது. கைத்தொலைபேசியை அருகே பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும். விலை பல இலட்சம்." இந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, கொழும்பில் பழைய இயந்திரங்களைத் திருத்தி விற்கும் என்னிடம் பேரம் பேச வருகிறார்கள்.

இது கலப்படமற்ற பொய். 2009இல் சவூதி அரேபியாவைக் கலக்கிய அதே வதந்திதான். சிவப்புப் பாதரசம் என்றொரு பொருளே கிடையாது என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் எப்போதோ சொல்லிவிட்டது. சிவப்பான பாதரசச் சேர்மம் வேண்டுமானால் சாதிலிங்கம் இருக்கிறது. சித்த வைத்தியர்களுக்குத் தெரியும். அதற்கும் சிங்கருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுகிற வெறும் உருக்குக் கம்பி அது. பாட்டி காலத்து இயந்திரத்தில் இன்று இருப்பது போன வருடம் புறக்கோட்டையில் வாங்கிய ஊசியாகக்கூட இருக்கலாம்! அதனால் தொலைபேசி இணைப்பு அறுவதாக இருந்தால் தையற்கடைகளில் எவரும் பேசவே முடியாது.

பழையது என்பதாலேயே அரிதாகிவிடாது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1913இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல் இயந்திரங்களைத் தயாரித்தது. நான் பார்ப்பது வேறு: கைச்சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, இயந்திரத்தின் மேலுள்ள பொன்னிறப் பூவேலை தேயாமல் இருக்கிறதா, அடிநூல் சுற்றிய பொபினை வைக்கும் உறை தொலையாமல் இருக்கிறதா. காய்ந்து இறுகிய எண்ணெயை மண்ணெண்ணெயில் இளக்கிவிடலாம். பூவேலையை வர்ணம் கரைக்கும் தின்னரால் துடைத்தவர்களுக்குத்தான் என்னிடம் மருந்தில்லை.