மீட்டரைத் தொடாமலே பேட்டரிக்குச் சாவுச் சீட்டு எழுதுகிறார்கள்

"பேட்டரி அவுட்டு சார், புதுசு போட்டுடுங்க." வேலூரில் எந்தப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சத்துவாச்சாரியிலும் இதே பேச்சு, பாகாயத்திலும் இதே பேச்சு. செல்ப் பட்டனை ஒரு தடவை அமுக்குவார்கள், 'கட் கட்' என்று சத்தம் வரும், தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். சீட்டைக் கழற்றுவதில்லை. வயர் மாட்டுகிற டெர்மினல் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துக்கூடப் பார்ப்பதில்லை. வோல்ட் காட்டுகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்டிமீட்டர் அதே கடையில் ஆணியில் தொங்குகிறது, தூசி படிந்து. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வோல்ட் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6-க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 12-க்கும் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. காலியான பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி ஆகிவிடாது ஐயா! முழுசாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும், செல்ப் அமுக்கும்போது 9.5-க்குக் கீழே சடாரென்று விழுந்தால்தான் அதன் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் என்ஜின் ஓட்டத்தில் கரண்ட் எடுக்கிற சார்ஜிங் காயிலிலோ, அதை அளவாகப் பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டரிலோ, வயரிங்கிலோ கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் புதுசு போட்டால் புதுசும்தானே சாகும்?

தொரப்பாடியில் இருக்கும் என் அத்தைக்கு நடந்தது இதுதான். ஸ்கூட்டர் எடுக்கவில்லை என்று போனார், புது பேட்டரி போட்டு அனுப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் படுத்துவிட்டது. திரும்பப் போனால், "லைட்ட எரிய வுட்டுட்டு போயிருப்பீங்கம்மா" என்று பழியைத் தூக்கி அத்தை தலையிலேயே போட்டார்கள். நான் போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.1-இல் நின்றது, ரேஸ் கொடுத்தாலும் அசையவில்லை. ரெகுலேட்டரிலிருந்து வருகிற சாக்கெட்டைப் பிடுங்கினால், உள்ளே ஒரு பின் கருகி, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக உருகி ஒட்டிக் கிடந்தது. அந்த ஒரு சாக்கெட்டை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. பென்ஷனில் குடும்பம் ஓட்டுகிற மனுஷியிடம் பேட்டரிக் காசைப் பிடுங்கிவிட்டு, குற்றவாளியாகவும் ஆக்கி அனுப்புவது என்ன நியாயம்?

சரி, புதுசே தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? ஆசிட் ஊற்றிப் போடுகிற வகையில், ஊற்றிய பிறகு உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டுகள் ஊறுவதற்கு அரை மணி நேரமாவது விட வேண்டும். அப்புறம் மெதுவாக முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் அரை ஆம்பியரில், மணிக்கணக்கில். பேட்டரியோடு வருகிற தாளிலேயே அச்சடித்திருக்கிறது. இங்கே என்ன நடக்கிறது? நம் கண்ணெதிரில் ஆசிட்டை ஊற்றி, மூடியை அழுத்தி, அது சூடாக இருக்கும்போதே வண்டியில் மாட்டி, "போய்ட்டு வாங்கண்ணா" என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் நாளே முழு சார்ஜ் ஏறாத பேட்டரி கடைசி வரைக்கும் அரை வயிற்றோடுதான் ஓடும். கேட்டால், "ஓட ஓட ஏறிக்கும்ணா" என்கிறார்கள். ஏறாது! கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற ஊரில் என்ன ஏறும்? 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் விளக்கை அணைக்கவே முடியாது, அது வேறு கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவசரம் என்று சொன்னால் லாரி பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் இந்தச் சின்னப் பேட்டரியை மாட்டி, வயிறு உப்புகிற மாதிரி ஏற்றித் தருகிற கடையும் உண்டு.

வெயில் விஷயத்தை இந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. ஆனால் அந்தச் சூடு பேட்டரியை என்ன செய்கிறது என்று மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. ஈய பேட்டரிக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தண்ணீர் ஆவியாகும், பிளேட் அரிக்கும், சும்மா நின்றாலே சார்ஜ் வேகமாக இறங்கும். சித்திரையில் வாங்கிய அடிக்கு மார்கழிக் காலையில்தான் அது விழும். உடனே, "குளிருக்கு பேட்டரி போயிடுச்சு" என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, ஆபீஸ், கல்யாண மண்டபம் எதை எடுத்தாலும் காருக்குத்தான் கூரை, இரண்டு சக்கர வண்டிக்கு மொட்டை வெயில். ஒரு தகரக் கொட்டகை போட்டால் குடியா முழுகிவிடும்?

கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு. லடாக் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். பனிமலையில் பனி மேலே சறுக்கி ஓடுகிற ஸ்னோ ஸ்கூட்டர் இருக்கிறதே, அதன் பேட்டரியை இறங்க விடவே கூடாது என்றார். காரணம் எளிது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கிவிட்டால் ஆசிட் வெறும் தண்ணீர் மாதிரி ஆகி, மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். பனி நாடுகளில் சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, தானாக நின்று தானாக ஏற்றும் சின்ன சார்ஜரில் மாட்டி, அடுத்த பனிக்காலம் வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். நம் ஊரில்? பையன் லீவுக்கு வந்து ஓட்டிவிட்டுப் போன புல்லட்டின் மேல் ஒரு உறையைப் போட்டு, அடுத்த லீவு வரை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருப்பார்கள். காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள், திங்கட்கிழமை சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறியவர்களின் வண்டிகள் வரிசையாக வெந்துகொண்டிருக்கும். அதில் அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் வேறு இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் பிளேட்டில் சல்பேட் என்கிற வெள்ளை உப்பு கெட்டிப்பட்டுவிடும். அதற்கு மேல் எந்தச் சார்ஜரும் காப்பாற்றாது. ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள், மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள் என்று வண்டி விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உறை, கிராஷ் கார்டு எல்லாம் தலையில் கட்டத் தெரிகிறதே!

தண்ணீர் கதை இன்னும் கொடுமை. மூடி திறக்கிற பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. எங்கள் தெரு முனையில் இன்வெர்ட்டருக்கு போர் தண்ணியை ஊற்றுகிறார்கள். பாலாற்றுப் படுகைத் தண்ணீர்! பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழுகிற தண்ணீர். அந்த உப்பும் இரும்பும் பேட்டரிக்குள் போனால் பிளேட் தாங்குமா? ஒரு வீட்டில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளேட்டின் தலை தண்ணீருக்கு மேலே காய்ந்து நிற்கிறது, ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. வெந்நீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து, மூடியை எல்லாம் அடைத்துவிட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவினால் போகிற பூ அது. சர்வீஸ் ஆள் வந்து போயிருக்கிறார், கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். எதைச் சர்வீஸ் செய்தார்? இன்னும் சிலர் தண்ணீர் குறைந்தால் ஆசிட்டையே ஊற்றுகிறார்கள். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம் இல்லையா?

காது கிழிகிற ஹாரனையும் கண் கூசுகிற எல்இடியையும் அதிகக் கரண்டைத் தாங்குகிற ரிலே கூட இல்லாமல் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றி மாட்டுகிறவர்களைப் பற்றித் தனியாக எழுதலாம். கிக்கரை எடுத்துவிட்ட கம்பெனிகளைப் பற்றியும்தான்.

கடைசியாகப் பழைய பேட்டரி. "அது இன்னா சார், காயலாங்கடைக்குத்தான்" என்று கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அதில் பெரும்பங்கு எடை ஈயம், நல்ல விலை உள்ள பொருள், நரம்பைக் கெடுக்கிற விஷமும்கூட. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழசைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு என்கின்றன. நான் கொடுத்த பேட்டரியின் எடை என்ன, எவ்வளவு கழித்தீர்கள், யாரிடம் போகிறது என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள் என்றால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்?