உணர்ந்த மயில்

போன சனிக்கிழமை காலை தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விடாத மழை. கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தி, பன்னிரண்டு வயது, ஈரப் பையைத் திறந்து ஒரு மயிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். காவடிக்கு மண்டபத்தில் மாட்ட அவளே செய்தது. நீலமும் பச்சையுமாக ஃபெல்ட் துணியை வெட்டி ஒட்டி, கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான் வைத்திருந்தாள். பொத்தான் சற்றுப் பெரிதாகிவிட்டதால் மயில் எதையோ கண்டு திகைத்த மாதிரி இருந்தது. கீழே அட்டையில் கோக்கியால் (இந்த ஊரில் ஸ்கெட்ச் பேனாவுக்கு அதுதான் பெயர்) கொட்டை எழுத்தில்: ‘உணர்ந்த மயில்’.

இது என்னடியம்மா என்றேன். ஃபெல்ட் மயில் என்பதைப் போனில் போட்டுத் தமிழில் கேட்டாளாம், இதுதான் வந்ததாம். ஆங்கிலத்தில் ஃபெல்ட் என்றால் அந்தத் துணியும்தான், உணர்ந்த என்பதும்தான். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், இவளுக்கு ஐந்தாறு தலைமுறைக்கு முந்தியவர்கள் கப்பலேறி வந்தவர்கள், தமிழ் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வருகிறது. மயில் எதை உணர்ந்தது என்று பின்பெஞ்சுப் பையன் கேட்டான். முருகனைச் சுமக்கிற மயில், உணர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் அந்த அட்டை மனசைவிட்டுப் போகவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கல்யாணமாகி டர்பன் வந்த புதிதில் இவருக்கு ஜோஹானஸ்பர்க்கில் ஆறு மாத வேலை. ஜூன், ஜூலையில் அங்கே விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. மெரினோ கம்பளியில் நல்ல விலை கொடுத்து ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தார். தஞ்சாவூர்க்காரிக்குக் கம்பளியைப் பற்றி என்ன தெரியும்? துண்டு, படுக்கை விரிப்போடு சேர்த்து மெஷினில் போட்டு வெந்நீரில் சுற்றவிட்டேன். வெளியே எடுத்தால் எட்டு வயதுப் பையனுக்குக்கூடப் பத்தாது. தடித்து, விறைத்து, பின்னல் கண்ணே தெரியாமல் அட்டை மாதிரி இருந்தது. கத்தரியால் வெட்டிப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு இழை பிரியவில்லை. இவர் திட்டவில்லை. அதைத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு நான் செய்தது ஃபெல்ட் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்டு உரோமத்தின் ஒரு இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மேலெல்லாம் செதில், ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சூடும் ஈரமும் சோப்பும் பட்டு அலசும்போது இழைகள் நகரும். ஆனால் செதில் ஒரு திசையில்தான் எளிதாக நகரவிடும், திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ளும். அடிக்க அடிக்க இழையோடு இழை சிக்கி இறுகிவிடும். பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது, தறியே வேண்டாம். மங்கோலியர் கூடாரத்துக்குச் சுவர் இதுதான். சைபீரியாவில் அல்தாய் மலைப் பக்கம் பசிரிக் கல்லறைகளில் உறைபனிக்குள் கிடைத்த ஃபெல்ட் விரிப்புகளுக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். என் மாணவி வாங்கியது கைவினைக் கடைத் துண்டு. அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், எந்த ஆட்டுக்கும் அதில் பங்கில்லை. ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணியையும் எல்லாரும் ஃபெல்ட் என்கிறார்கள், அதுவோ தறியில் நெய்த கம்பளித் துணி. பெயர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு லேசில் போகாது.

இன்னொன்று. ஃபில்டர் என்ற சொல் இந்தத் துணியிலிருந்துதான் வந்தது. இடைக்கால லத்தீனில் ஃபில்ட்ரும் என்றால் ஃபெல்ட். அதில் ஊற்றி வடித்தார்கள், பிறகு எதில் வடித்தாலும் அதே பெயர். ஆக, எங்கள் ஊர் ஃபில்டர் காபிக்கும் பாழாய்ப்போன அந்த ஸ்வெட்டருக்கும் தூரத்துச் சொந்தம்.

இந்த நாட்டில் இதே ஓசையில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் மொழி படிக்கும் பிள்ளையிடம் ஃபெல்ட் என்றால் அதற்குத் துணி ஞாபகம் வராது, புல்வெளிதான் வரும். எழுத்தில் வி-யில் தொடங்கி டி-யில் முடியும், வாயில் ஃபெல்ட். இவர் குளிரில் நடுங்கிய இடத்துக்கே ஹைஃபெல்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் வயலுக்குச் சொல்லும் ஃபீல்டுக்கு இது உடன்பிறப்பு. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்கிறது. அந்த ஓரறிவு எது? தொடுவுணர்ச்சி. அதற்கு அது வைத்த பெயர் உற்றறிவு.

உற்றறிவில் இருக்கிற அந்த ‘உறு’வைக் கவனியுங்கள். வந்து சேர்வது, நேர்வது, படுவது. காற்று வந்து புல்லில் படுகிறது, புல் அறிகிறது. புல் எழுந்து போய்க் காற்றை ‘உணர’வில்லை.

என் வழக்கு இதுதான். மயில் அட்டைக்குக் கீழே கிடந்த வீட்டுப்பாடக் காகிதத்தைப் பார்த்தேன். ‘நான் குளிரை உணர்ந்தேன்.’ ‘அவன் பசியாக உணர்ந்தான்.’ ‘அம்மா சோகமாக உணர்ந்தார்.’ மயிலுக்காவது துணி என்ற சாக்கு இருந்தது. இதில் இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கக்கூட இடமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் எந்த அம்மா ‘நான் சோகமாக உணர்கிறேன்’ என்கிறாள்? இப்போது சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை. டப்பிங் தொடரில், விளம்பரத்தில், சுயமுன்னேற்ற வீடியோவில் எல்லாரும் சதா உணர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

எனக்குக் குளிருது. அவனுக்குப் பசிச்சது. அம்மாவுக்கு மனசு சரியில்லை. தமிழில் குளிர் எனக்கு வருகிறது, நான் குளிரிடம் போவதில்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபெல்ட் போதும். நாம் அப்படியில்லை. இருட்டில் சுவிட்சைத் துழாவுவோம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்ப்போம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார். அவன் பொய் சொல்கிறான் என்று ‘படும்’. சூடாக ஏதாவது குடித்தால் தேவலை ‘போலிருக்கும்’. நாலு பேர் முன்னால் மானம் போனால் கூனிக் குறுகிப் போவோம். சொன்னது அப்போது புரியாமல் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ‘உறைக்கும்’, மிளகாய்க்குச் சொல்கிற அதே உறைப்பு. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒற்றை உணர்ந்தேனுக்கு ஏன் போகிறோம்?

உணர் என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. தவறை உணர்ந்தான் என்றால் அதில் ஒரு கனம் இருக்கிறது. பழைய நூல்களில் உணர்தல் என்றால் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளுதல், அறிவோடு சேர்ந்த காரியம். நில அதிர்வு உணரப்பட்டது என்று செய்தியில் எழுதுவதும் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். அந்தக் கனமான சொல்லைக் கொண்டுபோய்ப் பசிக்குக் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடன் சொல்லும் எனக்குப் பிரச்சினையில்லை. துணியை ஃபெல்ட் என்றே சொல்லுங்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ‘ரொம்ப ஃபீல் பண்ணாதே’ என்று சென்னையில் சொல்கிறார்களே, அது கேலிக்குரியது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சுமக்கிற சொல்லைப் பிடுங்கி, வருத்தம் என்ற ஒரே வேலையைக் கொடுத்துத் தமிழ் வாக்கியத்துக்குள் உட்காரவைத்துவிட்டோம். டர்பன் பிள்ளைகளுக்கு இது புரிவதே இல்லை. தமிழ்ப் படம் பார்த்துவிட்டு, “எதை ஃபீல் பண்ணக் கூடாது ஆன்ட்டி?” என்று கேட்கிறார்கள்.

அன்றைக்கு மயில் செய்த பெண்ணை அழைத்துப்போக அவள் ஆயா (பாட்டி) வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ வந்ததற்கப்புறம் கரும்புக் காட்டுக்கு வந்து சேர்ந்தவர்களில் வட ஆர்க்காட்டுப் பக்கத்து ஜனம் நிறைய. ஆயாவின் பேச்சு இன்னும் அந்தப் பக்கம்தான்.

“ஆயா, முட்டி எப்படி இருக்கு?” என்றேன்.

“நோவுதும்மா. மழ வந்தா நோவும்.”

பிள்ளைகளைப் பார்த்து, ஆயா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள், நானில் தொடங்கி. ஆயா சொன்னதில் நான் எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பின்பெஞ்சுப் பையன், அதில் ஆளே இல்லை என்றான். நூற்றுக்கு நூறு.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். போன காவடிக்கு இவருடைய ஆஃப்ரிகான்ஸ்கார நண்பர் ஒருவர் வந்திருந்தார். அறிவிப்புத் தாளில் ஆங்கில எழுத்தில் இருந்த ‘வேல்’ என்ற சொல்லை அவர் ‘ஃபெல்’ என்று படித்தார். அவர் மொழியில் அது தோல். தோலை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டவர், கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மயிலுக்கு வருகிறேன். வேறு பெயர் வேண்டும் என்றாள். ஃபெல்ட் மயில் என்றே எழுது என்றேன். தமிழ்தான் வேண்டும் என்று அடம். கம்பளி மயில் என்றால் பொய், அது பாலியெஸ்டர். ஆயா எட்டி அதை எடுத்து, தோகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, “மெத்துனு கீது” என்றார். அவ்வளவுதான். கோக்கியை எடுத்து அட்டையைத் திருப்பி எழுத ஆரம்பித்துவிட்டாள். இப்போது மண்டபத்துச் சுவரில் தொங்குவது ‘மெதது மயில்’. த்-க்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவளையே வைக்கச் சொல்லவேண்டும், ஏணி யார் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.