கத்தியைப் பழுக்கக் காய்ச்சி பிளாஸ்டிக் வெட்டலாமா? வேண்டாம்

"பிவிசி பைப், அக்ரிலிக் எதுவானாலும் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வெட்டுங்கள், பிசிறே வராது" என்று ஒரு குறிப்பு இங்கே சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

பிவிசி அதிகம் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கண் எரியும், தொண்டை கமறும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சின்ன அடுப்படியில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், இது வேண்டவே வேண்டாம். வெட்டும் சுத்தமாக வராது: கண்ணாடி போல் இருக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், பழுத்த கத்தி பட்டால் விளிம்பு உருகிப் புடைத்துக்கொள்ளும்.

பைப்புக்கு நுண்பல் ஹேக்சா (சட்டமிட்ட கைரம்பம்) போதும். ஒரு காகிதத்தை நேராகச் சுற்றி, அதன் ஓரத்தை ஒட்டி அறுங்கள். உள்பிசிறைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

3 மில்லிமீட்டர் அக்ரிலிக் என்றால் பாதுகாப்புத் தாளை உரிக்காமல், இரும்பு அளவுகோலை ஒட்டி, சூடாக்காத கத்தியால் ஒரே கோட்டில் பலமுறை ஆழமாகக் கீறுங்கள். கோடு மேசை விளிம்புக்கு நேராக வரட்டும். வெளியே நீட்டியிருக்கும் பகுதியில் ஒரே அழுத்து, பட்டென்று உடையும். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் இப்படி உடையாது, அறுக்கத்தான் வேண்டும்.

ஜிக்சாவில் (மின்சார ரம்பம்) அறுத்தால் வேகத்தைக் குறையுங்கள். வேகம் கூடினால் துகள் உருகி, பிளேடுக்குப் பின்னாலேயே வெட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் அணியுங்கள்.