நிஞ்சாவைக் காணோமே

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில், நிஞ்சா என்னும் பழங்கால ஜப்பானிய ஒற்றனாக விளையாடிய என் மகனை, வந்திருந்த பெரியவர் ஒருவர் கண்டித்ததைப் பற்றி உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகளுக்கு மேல் வந்துவிட்டதால், அதை மறுபடியும் முதலிலிருந்து விவரிக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆறு வயதுப் பையன் அப்போது உண்மையில் என்னதான் செய்துகொண்டிருந்தான் என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவன் ஒளிந்துகொண்டிருந்தான். அம்மாவின் கறுப்புத் துப்பட்டாவைக் கண்கள் மட்டும் தெரியும்படி சுற்றிக்கொண்டு, இடுப்பில் அடிக்கோலைச் செருகிக்கொண்டு, வரவேற்பறைத் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றிருந்தான். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை.

இந்த விளையாட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரே விதிதான். அவன் நிஞ்சாவாக இருக்கும்வரை யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். திரைச்சீலைக்குக் கீழே பத்து விரல்களும் தெரிந்தாலும், "நிஞ்சாவைக் காணோமே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கவேண்டும். பெரியவரோ எழுந்துபோய்த் திரையை விலக்கி, முகத்துணியை இழுத்து, "திருடன் மாதிரி என்னடா வேஷம், இப்படித்தான் ரௌடி ஆவார்கள்" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஜப்பானின் கபுகி மேடையில், நாடகம் நடக்கும்போதே பொருட்களை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்கள் தலைமுதல் கால்வரை கறுப்பு அணிந்து வருவார்கள். அவர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் அங்கே இல்லை என்று பாவிப்பதுதான் பார்வையாளர் மரபு. நிஞ்சாவின் கறுப்பு உடை என்னும் கற்பனையே அந்த மேடையிலிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஒரு முழு அரங்கமே கட்டணம் செலுத்தி உட்கார்ந்து செய்த பாவனையை, காப்பி ஆறும்வரை எங்கள் பெரியவரால் செய்ய முடியவில்லை.

இந்த விளையாட்டு வன்முறையைக் கற்றுக்கொடுக்கும் என்று குழுவில் சொல்கிறீர்கள். ஜப்பானின் இகா, கோகா பகுதிகளில் இருந்த உண்மையான நிஞ்சாக்களின் முதன்மையான வேலையே சண்டையன்று. பகைவர் இடத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, செய்தி அறிந்து, உயிரோடு திரும்புவது. என் மகனின் ஆயுதங்கள் பழைய நாள்காட்டித் தாளில் மடித்த நட்சத்திரங்கள்; அவை பறந்து வந்து பட்டால் ஈகூட எழுந்து போகாது. அந்நியப் பண்பாடு என்கிறீர்கள். மாறுவேடம் பூண்டு மறைவாகச் செய்தி அறிவதற்குத் திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கினால் மட்டும் பண்பாடு போலும். சோபாவிலிருந்து குதித்தால் அடிபடும் என்பதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கு வராது என்பதில் துளியும் இல்லை. வீட்டுப்பாடத்துக்கு இரண்டு நிமிடம் உட்காராதவன் திரைச்சீலைக்குப் பின்னால் கால்மணி நேரம் அசையாமல் நிற்கிறான். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதும் 6 வயதுமான குழந்தைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தபோது, தம்மை பேட்மேன் போன்ற கதைநாயகர்களாகப் பாவித்துக்கொண்டவர்கள்தாம் அதில் அதிக நேரம் நிலைத்தார்கள். இதற்கும் குழுவில் ஒரு கட்டைவிரல் மட்டும் வரும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கும் அந்த வயதில் ஒரு பேருந்து ஓடியது. திண்ணைதான் பேருந்து, அப்பாவின் பழைய தோள்பை, நாள்காட்டித் தாளைக் கிழித்த பயணச்சீட்டுகள், ஊதலுக்குப் பூவரச இலைப் பீப்பி. ஒருநாள் வீட்டுக்கு வந்த ஒருவர், "இவன் கண்டக்டர் வேலைக்குத்தான் லாயக்கு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் நடத்துநர் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதில் என்ன இழிவு என்பது வேறு கேள்வி. அன்று திண்ணையிலிருந்து இறங்கிய பயணிகள் மறுபடி ஏறவேயில்லை.

பெரியவர்களை இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். பெயர் சொல்லவில்லை, மரியாதையும் குறைக்கவில்லை. உண்மையில் அவர் சொன்னதுகூட இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டு, "தாத்தாவுக்கு வணக்கம் சொல்" என்றேன். அவனும் சொன்னான். பிறகு, இதுவரை ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தறியாத பையன், அந்தத் துப்பட்டாவை நான்காக மடித்து அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டு வந்தான்.

நேற்றிரவு அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரைச்சீலையைப் பார்த்தபடி, "நிஞ்சாவைக் காணோமே" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இங்கேதானே இருக்கேன், அப்பா" என்றான்.